இடையில் ஓர் 'ஐ' இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி:

அன்பின் டீச்சருக்கு வணக்கம். நான் திருகோணமலையில் ஓர் அரச நிறுவனத்தின் கிளைக் காரியாலயத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். சில்லறைக் காசு என் பொறுப்பு. அம்மாவுக்குச் சுகமில்லாதிருந்த நேரம், அச்சுப்பொறிக்கு மை வாங்கிய பற்றுச்சீட்டில் 4,580 ரூபாய் என்றிருந்ததை நான் காசேட்டில் 4,850 என்று பதிந்துவிட்டேன். அடுத்த கிழமை உள்ளகக் கணக்காய்வுக்கு வந்தவர்கள் பெட்டியை எண்ணியபோது 270 ரூபாய் கூடுதலாக இருந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இப்போது கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்திருக்கிறது. என் தவறு 'வீனியல்' தன்மையானதாகத் தெரிகிறது, இனிக் கவனமாக இருக்கவும், ஏழு நாட்களுக்குள் பதில் அனுப்பவும் என்று எழுதியிருக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் அக்கா கைபேசியில் தேடிவிட்டு, "காசுக்கு விலைபோகிறவர் என்று அர்த்தம் வருகிறதே" என்றார். இரண்டு இரவாக நித்திரை இல்லை, அழுகைதான். 270 ரூபாய்க்காகவா டீச்சர்? அந்தச் சொல்லின் சரியான கருத்து என்ன? அது நல்ல சொல்லாக இருந்தால், பதிலில் நானும் அதையே எழுதி மன்னிப்புக் கேட்கலாமா? தமிழில் அதை எப்படிச் சொல்வது?

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்பின் மகளுக்கு,

இன்றிரவு நித்திரை கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து உங்களுக்கு வந்திருப்பது முக்கால்வாசி மன்னிப்பு. உங்கள் அக்கா தேடிப் பார்த்தது வேறொரு சொல்.

கடிதத்தை எடுத்து அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். வீ, ஈ, என், ஐ, ஏ, எல். இடையில் 'ஐ' இருக்கிறதல்லவா? அதுதான் வீனியல். வீ-னி-யல் என்று மூன்று அசையாகச் சொல்ல வேண்டும். பிழைதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை என்பது அதன் பொருள். அந்த 'ஐ'யைத் தூக்கிவிட்டால் வீனல் ஆகிவிடும். இரண்டே அசை. பணத்துக்கு விலைபோகிற, கைக்கூலி வாங்கிக்கொண்டு கடமையை விற்கிற என்று அர்த்தம். கைபேசியில் ஒரு விரல் தவறினால் போதும். சில வேளைகளில் நாம் தட்டி முடிப்பதற்குள் அதுவே முந்திக்கொண்டு தனக்குத் தெரிந்த சொல்லை நீட்டிவிடும். அக்காவைக் கோபிக்காதீர்கள்.

பார்வைக்கு அக்காள் தங்கை போலிருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வயிற்றில் பிறந்தவை. வீனலின் தாய் 'வேனும்' என்ற லத்தீன் சொல். விற்பனை என்று பொருள். பொருள் வழங்குபவரை வெண்டர் என்கிறோமே, காசு போட்டால் குளிர்பானம் தருகிற வெண்டிங் மெஷின் இருக்கிறதே, அவையெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். வீனியல் வந்தது 'வேனியா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. தயவு, சலுகை, மன்னிப்பு எல்லாம் அதில் அடங்கும். சொல்வரலாறு ஆராய்கிறவர்கள் இந்த வேனியாவையும் காதல் தெய்வமான வீனஸின் பெயரையும் விரும்புதல் என்ற ஒரே வேரில் கொண்டுபோய் விடுகிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்று நம் கிழவிகள் சொல்லிவைத்தது இதே சங்கதியின் மறுபக்கம்தானே.

இந்த 'ஐ' என் காலையும் ஒருமுறை தட்டிவிட்டிருக்கிறது. படிப்பித்த காலத்திலேயே நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தேன். தட்டச்சுப் பொறிக் காலம். வெளிநாடு போக நின்ற ஒரு பையனுக்கு அவனுடைய பழைய முதலாளி தமிழில் நற்சான்றுக் கடிதம் கொடுத்திருந்தார். அதில், 'இவரிடம் சில குறைகள் உண்டு. அவை பொறுக்கக்கூடியவை' என்று ஒரு வரி. நற்சான்றில் இவ்வளவு நேர்மையாக எழுதுகிற முதலாளியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. புதிதாகப் படித்த சொல்லை எங்கே போடலாம் என்று காத்துக்கொண்டிருக்கிற வயது எனக்கு. வீனியல் என்ற சொல் ஓடிவந்தது. போட்டேன், 'ஐ' இல்லாமல். நேர்முகத் தேர்வில் அவனிடம், "உன் குறைகள் இலஞ்சம் சம்பந்தமானவையா?" என்று கேட்டிருக்கிறார்கள். பையன் கெட்டிக்காரன். "மொழிபெயர்த்த டீச்சரிடம் கேட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அன்றிரவே கொழும்பில் பஸ் ஏறிவிட்டான். விடியற்காலையில் கதவைத் தட்டி அந்தக் கடதாசியை நீட்டியவனின் முகம் இன்றும் நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை, வெறும் களைப்பு. திருத்திய பிரதியில் நான் அந்தச் சொல்லையே போடவில்லை. 'மைனர்' என்று எளிய சொல்லைப் போட்டேன். காசும் வாங்கவில்லை.

எழுத்தைப் பார்க்க வழியில்லாதபோது, யாராவது வாசித்துக் காட்டும்போது, கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. அந்த அடைமொழி எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். வீனியல் பிழையின் தலையில்தான் உட்காரும். பாவம், தவறு, குற்றம், மறதி, விதிமீறல் இவற்றோடு வரும். ஆளின் தலையில் உட்காராது. வீனியல் உத்தியோகத்தர் என்று ஒருவர் உலகத்தில் இல்லை. வீனலோ பெரும்பாலும் ஆளைத்தான் தேடிப் போகும். வீனல் அரசியல்வாதி, வீனல் அதிகாரி என்பார்கள். சில வேளை ஆட்சிமுறை, நடைமுறை போன்றவற்றின் மேலும் ஏறிக்கொள்ளும். உங்களுக்கு வந்த கடிதத்தில் அந்தச் சொல் உங்கள் தவறைப் பற்றித்தான் பேசுகிறது. உங்களைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

கணக்காய்வுக்காரர் எப்படி இந்த முடிவுக்கு வந்திருப்பார் என்று ஊகிக்கலாம். என் கணவர் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பத்திரிகையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "270 ஒன்பதால் பிரியும். இலக்கம் இடம் மாறியிருக்கிறது" என்றார். இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால், சரியான தொகைக்கும் பிழையான தொகைக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றிப் பிரியும். உங்கள் கணக்கில் 5உம் 8உம் இடம் மாறின. அவற்றின் வித்தியாசம் 3. நூறாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் நின்றதால் அது 90 மடங்காகி 270 ஆயிற்று. பழைய கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை ஒத்துவராதபோது முதலில் செய்து பார்ப்பது இந்தப் பிரித்தலைத்தானாம். ஒன்பதால் பிரிகிறதெல்லாம் இடமாற்றப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் பிரியாவிட்டால் அது வெறும் இடமாற்றம் அல்ல என்று அடித்துச் சொல்லலாம். இதற்கு மேல், காசு பெட்டியிலேயே இருந்தது. திருட நினைத்தவர் திருடியதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கணக்காய்வுக்குக் காத்திருப்பாரா? அந்த 270 ரூபாய்தான் உங்கள் சாட்சி. மகளே, அதை நினைத்து அழுதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு கும்பிடு போட்டிருக்க வேண்டும்.

இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தது தேவாலயம். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்னர் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபை பாவங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஆன்மாவின் உயிரையே போக்கிவிடுகிற பாவம் ஒன்று, உறவைக் காயப்படுத்தினாலும் அறுத்துவிடாத பாவம் மற்றொன்று. நம் கத்தோலிக்கரின் தமிழில் முதலாவது சாவான பாவம், இரண்டாவது அற்பப் பாவம். இந்த இரண்டாவதுதான் வீனியல்.

நான் படித்த வகுப்பில் பாதிப் பேர் கத்தோலிக்கப் பிள்ளைகள். அவர்கள் ஞானோபதேசம் என்ற சமயப் பாடத்தை ஒப்புவிக்கும்போது சைவப் பிள்ளைகளான நாங்கள் பின் வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்போம். குருமனை வளவில் ஒரு நாவல் மரம் நின்றது. கீழே கிடக்கிற பழத்தைப் பொறுக்கினால் அற்பப் பாவம், கல்லெறிந்து விழுத்தினால் என்ன, ஏறிப் பறித்தால் என்ன, மடி நிறையக் கட்டிக்கொண்டு போனால் என்ன என்று என் தோழி ஒருத்தி ஓயாமல் கணக்குப் போடுவாள். நாக்கு ஊதாவாக இருக்கும்போதே போடுவாள். எத்தனை பழம் எடுத்தாலும் அது சாவான பாவம் ஆகிவிடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதற்கு மூன்றும் ஒருங்கே சேர வேண்டும். விஷயம் பாரதூரமானதாக இருக்க வேண்டும், அது பாரதூரமானது என்று முழுமையாக அறிந்திருக்க வேண்டும், அறிந்தும் மனதார விரும்பிச் செய்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் படி இறங்கிவிடும். அற்பப் பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் போய்ப் பாவத்தைச் சொல்வது, கட்டாயமில்லை, செய்தால் நல்லது என்பார்கள். என் தோழி சனிக்கிழமை தவறாமல் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாவற்பழமும் தின்றாள்.

உங்கள் 270 ரூபாயை அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். தொகை சிறியது, செய்ததை அறியவில்லை, விரும்பவும் இல்லை. மூன்றுமே இல்லை. தலைமைக் காரியாலயத்தில் கடிதம் எழுதியவருக்கு ஞானோபதேசம் நினைவில் இருந்திருக்காது. ஆனாலும் அவர் கையில் எடுத்த சொல்லுக்குள் அந்தப் பழைய தராசு இருக்கிறது.

கோணேசர் சந்நிதியில் நின்று நாங்கள் கேட்பது வேறு விதம். கல்லாப் பிழை, கருதாப் பிழை, நினையாப் பிழை என்று அடுக்கிக்கொண்டே போய், 'எல்லாப் பிழையும் பொறுத்தருள்வாய்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் காலடியில் இறக்கிவிடுவோம். காஞ்சி ஏகம்பனைப் பார்த்துப் பாடிய பாட்டு அது, கோணமலையிலும் செல்லுபடியாகிறது. எது பெரிது எது சிறிது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்வதில்லை. அலுவலகம் கோவில் இல்லையாகையால் அங்கே பிரித்துத்தான் ஆக வேண்டும். அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியிலும் குற்றங்களை முதலாம் அட்டவணை, இரண்டாம் அட்டவணை என்று பிரித்து, கடும் தண்டனைக்கு உரியவற்றை முதலாவதில் போட்டிருக்கிறார்கள். வீனியல் என்பது அப்படி ஓர் அட்டவணையின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது எழுதியவரின் அபிப்பிராயச் சொல்.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு நல்ல வாழ்வு உண்டு. 1969இல் இந்திய உச்ச நீதிமன்றம், விற்பனை வரிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யாமல் விட்ட இந்துஸ்தான் ஸ்டீல் நிறுவனத்துக்கு விதித்த தண்டம் பற்றிய வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சட்டம் இடம் தருகிறது என்பதற்காக மட்டும் தண்டம் விதிக்கக் கூடாது, மீறல் வெறும் நடைமுறை சார்ந்ததாகவோ வீனியலாகவோ இருந்தால், அல்லது நல்லெண்ணத்தோடு செய்ததாக இருந்தால், அதிகாரி தண்டிக்காமல் விடுவது நியாயம் என்பது அதன் சாரம். அன்றிலிருந்து இந்திய வரி வழக்குகளில் இந்த வாசகம் ஓயாமல் எடுத்தாளப்படுகிறது. நம் பக்கத்து அலுவலக ஆங்கிலத்தில் இப்படியொரு நூலகச் சொல் இன்னும் நடமாடுவதற்கு இத்தகைய தீர்ப்புகளைப் படித்தவர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 'என் தவறு வீனியலானது, ஆகவே மன்னிக்கவும்' என்று பதிலில் எழுதலாமா? எழுதவே எழுதாதீர்கள்.

அகராதி இதைச் சொல்லித் தராது. ஒரு கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிற பையன் கைதவறிச் சொதியை விருந்தாளியின் வெள்ளை வேட்டியில் ஊற்றிவிடுகிறான். விருந்தாளி வேட்டியை உதறிக்கொண்டு, "பரவாயில்லை தம்பி" என்கிறார். பந்தி தொடர்கிறது, எல்லாம் சுபம். இப்போது அதே இடத்தில், ஊற்றிய பையனே வேட்டியைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை ஐயா, சின்னக் கறைதான்" என்று சொன்னால்? சொல் ஒன்றுதான், கறையும் அதே அளவுதான். ஆனால் அந்தச் சொல் அவனுடையது இல்லை. மஞ்சள் கறையோடு வீடு போக வேண்டியவர் வாயிலிருந்து வர வேண்டியது அது.

வீனியலும் அப்படித்தான். பிழையைத் தாங்கிக்கொள்கிறவர், அல்லது நடுவில் நின்று தீர்ப்புச் சொல்கிறவர், கொடுக்கிற சலுகை. பிழை செய்தவர் அதை எடுத்துத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டால், மன்னிப்புக் கேட்பதுபோல் தொடங்கி மன்னிப்பை எடுத்துக்கொண்டு போனது போல ஆகிவிடும். அவர்கள் அந்தச் சொல்லை உங்களுக்குத் தந்துவிட்டார்கள். வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள். தன் பிழையைச் சொல்கிறபோது தன் பங்குக்குத் தினையைப் பனையாகச் சொல்லிவிடுவதே நம் மரியாதை. அதைத் தினையாகச் சிறுக்க வைப்பது மற்றவரின் பெருந்தன்மை.

இன்னொரு எச்சரிக்கை. வீனியல் என்றால் நீங்கள் குற்றமற்றவர் என்று பொருளாகாது. பிழை பிழைதான் என்று ஒரு கையால் எழுதி, போகட்டும் என்று மறு கையால் தட்டிக்கொடுக்கிற சொல் அது. ஆகவே 'நான் நிரபராதி என்று ஏற்றுக்கொண்டமைக்கு நன்றி' என்றும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய ஒருவருக்கு இரண்டாவது கடிதம் வந்ததை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அதில் வீனியல் இல்லை.

சிறிய பிழை எல்லாம் வீனியல் என்றும் எண்ண வேண்டாம். பலரும் அகராதியில் 'சிறு' என்று பார்த்துவிட்டு இங்கேதான் சறுக்குகிறார்கள். மருந்தின் அளவை எழுதும்போது ஒரு தசமப் புள்ளி இடம் மாறுவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பிழை. அதை யாரும் வீனியல் என்று சொல்ல மாட்டார்கள். பார்க்க வேண்டியது பிழையின் உருவத்தை மட்டுமல்ல, அதனால் என்ன ஆயிற்று, எந்த மனதோடு செய்தது என்பதையும்தான்.

போன மாதம் பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோவிலுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன ஓர் அம்மாவின் அர்ச்சனைப் பையில் ஒரு புள்ளிமான் மெல்ல மூக்கை நுழைத்து, வாழைப்பழத்தைச் சீப்போடு உருவிக்கொண்டு நான்கு எட்டு விலகி நின்று தின்றது. ஓடவில்லை. தின்னும்போது அவரையே பார்த்துக்கொண்டும் நின்றது. அந்த அம்மா திகைத்துவிட்டு, "சரி, அதுவும் கோணேசர் பிள்ளைதானே" என்று வெறும் தேங்காயோடு மேலே ஏறினார். அந்த மான் செய்தது அசல் வீனியல் களவு. ஆனால் அதே மானுக்குப் பக்கத்தில் பொலித்தீன் பையை வீசிவிட்டுப் போனார் ஒரு சுற்றுலாக்காரர். பை எடையில் வாழைப்பழத்தின் நூறில் ஒரு பங்கு இருக்காது. அது மானின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அதை வீனியல் பட்டியலில் சேர்ப்பார்களா? நான் சேர்க்க மாட்டேன். என் குடையால் பையைக் குத்தி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவருக்குக் கேட்கும்படி இரண்டு வார்த்தையும் சொன்னேன். சந்நிதிக்குப் போகிற வழியில் கோபப்பட்டது என் கணக்கில் ஒரு வீனியல்.

பார்த்தீர்களா, இப்போது நானே எனக்குச் சூட்டிக்கொண்டேன். வேடிக்கைக்கு மட்டும் இப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அலுவலகக் கடிதத்தில் வேடிக்கை வேண்டாம்.

பேச்சில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். பத்து நிமிடம் பிந்திப்போய், இது வீனியல்தானே என்று ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். எழுத்துக்கு உரிய, கொஞ்சம் கோட்டுப் போட்ட சொல் அது. சாதாரணப் புழக்கத்துக்கு மைனர், எக்ஸ்கியூசபிள், பார்டனபிள் எல்லாம் இருக்கின்றன. ஆளின் சிறு பலவீனங்களைச் செல்லமாகச் சொல்ல ஃபாய்பிள் என்றொரு அழகான சொல் உண்டு. வாட்போரில் வாளின் நடுவிலிருந்து நுனி வரை உள்ள மெலிந்த பாகத்துக்கும் அதே பெயர்தான். பெக்கடில்லோ என்பது ஸ்பானிய மொழியில் குட்டிப் பாவம். இவை இரண்டும் தாமாகவே பெயர்ச்சொற்கள், வீனியல் போல இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளத் தேவையில்லை.

தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஆசையான பகுதி இது. அகராதிகள் 'மன்னிக்கத்தக்க' என்று போடும். பிழையில்லை. நான் மொழிபெயர்க்கும்போது 'பொறுக்கத்தக்க' என்று எழுதுகிறேன். பொறுத்தல் என்றால் சுமத்தல். தூண் கூரையைப் பொறுக்கிறது, நிலம் நம்மைப் பொறுக்கிறது. பிழை பொறுப்பது என்றால் அதைத் தன் தோளில் ஏற்றிக்கொள்வது. அந்தச் சுமை தாங்கக்கூடியதா, முதுகு முறிக்கக்கூடியதா என்பதைச் சுமக்கிறவர்தான் சொல்ல முடியும். நான் மேலே பந்தியையும் சொதியையும் வைத்து வளைத்து வளைத்துச் சொன்னதெல்லாம் இந்த ஒரு வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'அற்ப' என்ற சொல்லைக் கோவிலுக்கு வெளியே கொண்டுவராதீர்கள். 'உங்கள் அற்பத் தவறு' என்று ஓர் உத்தியோகத்தருக்கு எழுதினால் தவறைவிட அவர்தான் அற்பமாகத் தெரிவார்.

நம் இலக்கணக்காரர்கள் இதே விஷயத்தை மொழிக்குள் பார்த்துப் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாடசாலையில் படித்திருப்பீர்கள்: வழு, வழாநிலை, வழுவமைதி. பிழை, பிழையில்லாமை, பிழைதான் ஆனால் காரணத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. பசு வீட்டுக்கு வருவதைப் பார்த்து மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்கிறோம். அஃறிணையை உயர்திணையாக்கிய வழு, உவகையால் அமைதியாயிற்று. தாய் தன் பெண் குழந்தையை 'வாடா ராசா' என்று கொஞ்சுகிறாள். பால் வழு, அன்பினால் அமைதி. செருப்பைத் தேடிக்கொண்டே வாசலில் நிற்பவருக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுக்கிறோம். இன்னும் கிளம்பவே இல்லை, ஆனால் விரைவினால் காலவழு அமைதி பெற்றுவிட்டது. உலகத்தின் எந்தப் பாவத் தராசையும்விட இது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இங்கே பிழையைப் பொறுப்பதற்குக் காரணமும் கூடவே எழுதப்படுகிறது. அதற்காக, கணக்காய்வுக்கு அனுப்பும் கடிதத்தில் 'வழுவமைதி' என்று எழுதிவிடாதீர்கள். அதைப் படிப்பவர் தமிழ் ஆசிரியராக இருந்துவிட்டுக் கணக்குக்கு மாறியவராக இருந்தாலொழியப் பலன் இல்லை.

பதிலை நீட்ட வேண்டாம். இன்ன திகதிக் கடிதம் கிடைத்தது என்று தொடங்குங்கள். பற்றுச்சீட்டில் இருந்த 4,580 ரூபாய் 4,850 என்று பதியப்பட்டது உங்கள் கவனக்குறைவு என்று ஒரே வசனத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். 'இனட்வர்டன்ட்' என்ற சொல்லை நீங்கள் தாராளமாக எழுதலாம். வேண்டுமென்று செய்யாத என்று பொருள். உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிற சொல், ஆகையால் அது உங்களுக்கு உரியது. 'ஓவர்சைட்' என்றும் எழுதுவார்கள். அதற்கு மேற்பார்வை என்ற நேர் எதிரான இன்னொரு பொருளும் இருப்பதால் நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். பதிவு எப்போது திருத்தப்பட்டது, யார் ஒப்பமிட்டார், கூடுதலாக இருந்த 270 ரூபாய் எப்படிக் கணக்கில் ஒத்துவந்தது என்பதை அடுத்து எழுதுங்கள். இனி ஒவ்வொரு நாளும் பெட்டியைப் பூட்டும் முன் பற்றுச்சீட்டுகளோடு காசேட்டை ஒப்பிடுவேன் என்று முடியுங்கள். அம்மாவுக்குச் சுகமில்லாதிருந்ததை எனக்கு எழுதியது போல அவர்களுக்கு எழுத வேண்டாம். பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். திருத்தும்போது வெள்ளை மை பூசியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பிழையான தொகையின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான தொகை, சுருக்கொப்பம், திகதி. அடித்தது என்ன என்று தெரிய வேண்டும். இதைச் சொன்னதும் என் கணவர்தான்.

அவர்கள் அனுப்பிய கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள், சுயவிபரக் கோவையில் போடப் போகிறார்கள் என்றால் பயப்படவும் வேண்டாம். நாளைக்கு யாராவது அந்த 270 ரூபாயைக் கிண்டினால் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அந்தச் சொல்தான். இன்னொன்று, தமிழ்ப் பிரதி ஒன்று கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1988இல் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளையும் விரித்து எழுதியது. தமிழில் வந்திருந்தால் உங்களுக்கு இரண்டு இரவு நித்திரை போயிருக்காது. ஆனால் எனக்கு இந்தக் கேள்வியும் வந்திருக்காது.

கடைசியாக ஒரு சங்கதி. உங்கள் கடிதத்தில் மன்னிப்பு என்று வருகிற இடத்தில் 'மண்ணிப்பு' என்று எழுதியிருந்தீர்கள். மேலே திருத்தித்தான் போட்டிருக்கிறேன். இரண்டு சுழி, மகள்.